செயலாளரின் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2023 – மார்ச் 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நம் பெங்களூரு குடியிருப்போர் தமிழ்ச் சங்கத்தின் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் திருவள்ளுவர் நாளும் வழக்கம்போல் நடந்தன. சாக்கடை அடைப்புப் பற்றி மூன்று மனுக்கள் கொடுத்தோம். வேலை இன்னும் முடியவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கையின் பெரும்பகுதியைக் குழந்தைகள் நாளன்று நடந்த திரையிடலுக்கு எடுத்துக்கொள்கிறேன். ஆண்டு முழுவதிலும் என் மனத்தில் நிற்பது அதுதான்.

நவம்பர் 14 மாலை, நம் மாடிக் கூடத்தில் ‘கேர் ஆஃப் ஃபுட்பாத்’ என்ற கன்னடப் படத்தைக் காட்டினோம். தமிழ்ச் சங்கத்தில் கன்னடப் படம் எதற்கு என்று செயற்குழுவில் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எதிர்மனையில் எழும் அடுக்குமாடிக்குக் கல்லும் மணலும் சுமப்பவர்கள் ராய்ச்சூர், யாதகிரி பக்கத்திலிருந்து வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் பேசுவது கன்னடம். நம் பிள்ளைகளும் பள்ளியில் கன்னடம் படிக்கிறார்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து ஒன்றாகப் பார்க்க வேறு எந்த மொழிப் படம் பொருந்தும்? இதைச் சொன்னதும் எதிர்த்தவர்களே முன்வந்து நாற்காலி போட்டார்கள். அவர்களுக்கு என் நன்றி.

படத்தை இயக்கிய கிஷன் ஸ்ரீகாந்த் 1996 ஜனவரியில் பிறந்தவர். படம் வெளிவந்தது 2006இல். நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் வயது. ஜாக்கி ஷெராஃப், பி. ஜெயஸ்ரீ, தாரா போன்ற தேர்ந்த நடிகர்கள் அந்தப் பிள்ளை சொன்னபடி நடித்திருக்கிறார்கள். கின்னஸ் புத்தகத்தில் அவர் பெயர் ஏறியது. 54ஆவது தேசிய விருதுகளில் சிறந்த குழந்தைகள் படத்துக்கான தங்கத் தாமரையும் கிடைத்தது. ஆனால் வயதைப் பற்றியே பேசிப் படத்தை மறந்துவிடுகிறோம் என்பது என் வருத்தம். பிளாஸ்டிக் பொறுக்கிப் பிழைக்கும் ஒரு சேரிச் சிறுவன் படிக்க ஆசைப்படுகிறான், அதுதான் கதை. சாலையோரப் பிள்ளைகள் ஏன் பள்ளிக்குப் போவதில்லை என்று கிஷன் தம் தந்தையிடம் கேட்டதிலிருந்து பிறந்தது அது. கட்டாயக் கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரலில்; அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சிறுவன் இதைத் திரையில் கேட்டுவிட்டான். அப்படிப்பட்ட படத்தின் குறுந்தகடு தேடி மூன்று மாதம் அலைந்தோம். விருது கொடுப்பதோடு கடமை முடிந்தது என்று எல்லோரும் இருந்துவிட்டால் குழந்தைகள் படத்தைக் குழந்தைகள் எங்கே போய்ப் பார்ப்பார்கள்?

பாதிப் படத்தில் மின்சாரம் போய்விட்டது. இருட்டில் யாரும் எழுந்து போகவில்லை. கொட்டகைப் பையன் ஒருவன் அடுத்து என்ன நடக்கும் என்று தானே கதை சொல்லத் தொடங்கினான். நம் பிள்ளைகள் குறுக்கே புகுந்து வேறு முடிவு சொன்னார்கள். எட்டு வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை, உட்கார்ந்தால் தம்பி அழுகிறான் என்று அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு தூணோரம் நின்றபடியே முழுப் படத்தையும் பார்த்தாள். முடிந்ததும் என்னிடம் வந்து, “இதை எடுத்தது யார்?” என்று கன்னடத்தில் கேட்டாள். திரையில் பார்த்தாயே, அந்தப் பையன்தான் என்றேன். அவள் நம்பவில்லை. இன்னொருவரிடம் போய்க் கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

அடுத்த ஞாயிறு அவளும் இன்னும் மூவரும் நம் சிறுவர் நூலகத்துக்கு வந்தார்கள். உறுப்பினர் படிவத்தில் முகவரி என்ற இடம் வந்ததும் சிக்கல். கொட்டகைக்குக் கதவு எண் இல்லை. படிவம் நிரப்பிக்கொண்டிருந்த நம் பன்னிரண்டு வயதுத் தொண்டர் சற்று யோசித்தாள். பிறகு ‘மே/பா’ (மேற்பார்வை, அதாவது ‘கேர் ஆஃப்’) என்று எழுதி, அதன் கீழே நம் சங்கத்தின் முகவரியை எழுதினாள். யாரும் சொல்லித் தரவில்லை. அந்தப் படத்தின் பெயரிலிருந்தே எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் வேலை முடிந்து இரண்டு குடும்பங்கள் வேறிடம் போய்விட்டன. இரண்டு புத்தகங்களும் அவர்களோடு போயின. அவற்றை இருப்பிலிருந்து கழித்துவிட்டோம்.

வரும் நவம்பரில், கேரளத்திலுள்ள காசர்கோட்டுக் கன்னடப் பள்ளி மூடப்படுவதை எதிர்க்கும் பிள்ளைகளைப் பற்றிய, 2018இல் வெளிவந்த ரிஷப் ஷெட்டியின் படத்தைக் காட்டலாம் என்பது செயற்குழுவின் எண்ணம். வேறு மாநிலத்தில் தாய்மொழியைக் காப்பாற்றப் பாடுபடும் நமக்கு அது நன்றாகவே புரியும்.

நூலக விதியின்படி இருப்பிடச் சான்று இல்லாமல் யாரையும் சேர்க்க முடியாது. முகவரி இல்லாத பிள்ளைகளைச் சங்கத்தின் மேற்பார்வை முகவரியில் சேர்க்க வகைசெய்யும் திருத்தத்தை இந்தப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். நால்வரின் படிவங்களும் மேசைமேல் இருக்கின்றன.

இவண்,
செயலாளர்