மிதிவண்டிப் பயணிகளின் வருவாய்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மிதிவண்டியில் நெடும்பயணம் செல்பவர்கள் அனைவரும் வசதி படைத்தவர்கள் என்ற எண்ணம் சரியன்று. 1962-இல் ஜெர்மனியிலிருந்து புறப்பட்ட ஹைன்ஸ் ஸ்டூக்கே, தம் பயணம் குறித்த சிறு கையேடுகளையும் தாம் எடுத்த ஒளிப்படங்களையும் விற்றே ஐம்பது ஆண்டுகள்வரை உலகைச் சுற்றிவந்தார். 1884 முதல் 1886 வரை உயர்சக்கர மிதிவண்டியில் உலகை வலம்வந்த தாமஸ் ஸ்டீவன்ஸும் வழிநெடுக இதழ் ஒன்றுக்கு எழுதி அனுப்பியவரே. எனினும், எழுத்தும் படமும் சோறு போடுவது சிலருக்கு மட்டும்தான். மற்றவர்கள் பருவகால வேலையிலோ ஒப்பந்தப் பணியிலோ ஈட்டியதைச் சேமித்து, கூடாரத்தில் தங்கி, தாமே சமைத்து, செலவைச் சுருக்கியே பயண நாள்களை நீட்டிக்கிறார்கள். காணொளி வருமானத்தை நம்பி வேலையை விடுவதை நான் துணிச்சல் என்று சொல்லமாட்டேன். நிரந்தரப் பணியாளர்களுக்குப் பணத்தைவிட அரிதானது காலம் என்பதால், ஊதியமில்லா நீண்ட விடுப்பை நிறுவனங்கள் தயங்காமல் வழங்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்