கேம் மாஸ்டர் அண்ணனுக்கும் நம்ம சனிக்கிழமை செட்டுக்கும் ஒரு திறந்த மடல்

அண்ணே, அப்புறம் செட்ல இருக்கற எல்லாருக்கும்,

நீங்க கதைய நடத்த, நாங்க ஆளுக்கொரு கேரக்டரா பேசி டைஸ் உருட்டி மேசையில ஆடற நம்ம கதை ஆட்டத்துல, அடுத்த கேம்பெய்னுக்கு, அதாவது அடுத்த தொடர்கதைக்கு, நம்ம ஏழு நாட்டு கற்பனை உலகத்த திருத்தப் போறதா சொன்னீங்க. எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்கறேன், படைய குறைங்க, பேச்ச கூட்டுங்க.

போன மாசம் என் கேரக்டர் தூது போயி ராணி முன்னாடி நிக்கிறா, அவ அண்ணன கொன்னதே அந்த ராணியோட படைதான், நான் ரெண்டு வரிகூட பேசி முடிக்கல அதுக்குள்ள "டைஸ போடு"ன்னு சொல்லிட்டீங்க, 17 விழுந்துச்சு, அந்த எண்ணே போதும்னு சமாதானம் ஆயிடுச்சு. அப்புறம் ஒன்றர மணி நேரம் குதிரைப்படைய வரைபடத்துல எந்தக் கட்டத்துல வைக்கறதுன்னே ஓடிடுச்சு. வீட்டுக்குப் போற எம்ஆர்டி ரயில்ல மனசே ஆறல, அவ ராணிகிட்ட என்ன கேட்டிருப்பான்னு எனக்கே தெரியாமப் போச்சு.

1969ல டேவிட் வெஸ்லின்னு ஒருத்தர் நெப்போலியன் காலத்து போர் ஆட்டம் ஒண்ணு நடத்துனாரு, படையோட சேத்து மேயர், பேங்கர்னு ஊர்க்காரங்க வேஷமும் குடுத்தாரு. எல்லாரும் பேரம், சதின்னு பேச்சுலயே எறங்கிட்டாங்க, ஆட்டம் சொதப்பிடுச்சுன்னு அவரு நெனச்சாரு, ஆடுனவங்க இன்னொண்ணு வேணும்னு கேட்டாங்க. அந்த வட்டத்துலேர்ந்து வந்த டேவ் ஆர்னசன்தான் கேரி கைகாக்ஸோட சேந்து 1974ல நம்ம மாதிரி கதை ஆட்டத்துக்கெல்லாம் முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ கொண்டு வந்தாரு.

நம்மகிட்ட அதவிட பழசு இருக்கு, புறநானூறு 95. அதியமானுக்காக ஔவை தொண்டைமான்கிட்ட தூது போறாங்க. உன் ஆயுதமெல்லாம் நெய் பூசி மயில்பீலி சூட்டி காவல் வீட்டுல இருக்கு, எங்காளோடது எதிரிய குத்திக் குத்தி முனை ஒடிஞ்சு கொல்லன் பட்டறையில கெடக்குன்றாங்க. கேக்க புகழ்ச்சி மாதிரி இருக்கு, உள்ள எவ்ளோ பெரிய மிரட்டல்! எந்த டைஸ் இத குடுக்கும்?

இன்னொண்ணு, படைய எண்றப்போ நாம அத்தன பேரும் இங்கிலீஷுக்குத் தாவிடறோம். ஆனா நீங்க படகோட்டி தாத்தாவா பேசுன அன்னிக்கு, வீட்டுலகூட தமிழ் பேசாத ஈசூன்லேர்ந்து வர்ற நம்ம தம்பி மெதுவா தேடித்தேடி "பெரியவரே, அக்கரையில விட்டுடுங்க, கூலி தர்றேன்"னான். மேசையே அமைதியாயிடுச்சு.

போரே வேணாம்னு சொல்லல, கணக்குப் போட்டு ஜெயிக்கற சுகம் எனக்கும் தெரியும். ஆனா ஒவ்வொரு நாட்டுக்கும் படை எண்ணிக்கைக்கு பதிலா ஒரு பழைய பக, ஒரு தீராத கடன், ஒரு கல்யாண உறவு எழுதுங்க. எதிரிய கொன்னா கெடைக்கற பாயிண்ட்ட, குடுத்த வாக்க காப்பாத்துனாலும் குடுங்க. தூது போயி பேசி முடிக்காம வரைபடத்த விரிக்கக்கூடாதுன்னு ஒரு விதி வைங்க.

வர்ற சனிக்கிழமை அந்த சபைய திரும்ப ஒருதடவ ஆடலாமாண்ணே? நீங்க ராணியா உக்காருங்க, டைஸ் பைக்குள்ளயே இருக்கட்டும், என் கேரக்டரோட அண்ணன பத்தி கேக்க வேண்டியத நான் கேட்டுடறேன்.