குதிரை வாங்கப்போகிற மச்சானுக்கு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை வாசித்ததிலிருந்து மனுசி திருக்கோவிலுக்குப் போவோம் போவோம் என்று நிற்கிறாள், பெரும்போக விதைப்பு முடிந்த கையோடு வருகிறோம். இங்கே எல்லோரும் சுகம். எனக்குத்தான் முழங்கால் நோவு, எண்ணெய் போட்டுக்கொண்டு திரிகிறேன்.

சரி, நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்த குதிரை ஒன்றை எடுக்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். எடு, நல்ல காரியம். ஆனால் அது குளிரில் வளர்ந்த பிராணி, உன் வீடோ கடற்கரை மணலில் இருக்கிறது. அந்த மணலைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும், ஏனென்றால் என் குதிரை செம்பியை நான் அதில்தான் பறிகொடுக்கப் பார்த்தேன்.

இந்த வருசம் ஆனி மாதம், வறண்ட கச்சான் காற்று அடித்து வளவில் புல்லெல்லாம் காய்ந்து வேர் மட்டும் நின்ற நேரம். பகலில் அவளைப் பின்வளவில் கட்டிவிட்டு வயலுக்குப் போய்விடுவேன். அவள் பசியில் வேரோடு பிடுங்கித் தின்றிருக்கிறாள், வேரோடு மணலும் போயிருக்கிறது. ஒருநாள் பின்னேரம் வந்து பார்த்தால் வைத்த புல் வைத்தபடி இருக்கிறது, லத்தி போடவில்லை, திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கிறாள், முன்காலால் நிலத்தைச் சுரண்டுகிறாள். பொழுதுபட விழுந்து புரளத் தொடங்கிவிட்டாள். குதிரைக்கு வாந்தி வராது மச்சான், உள்ளே போனது அந்த வழியால் திரும்பாது, அதனால் வயிற்றுவலி என்றால் விடியும்வரை பார்ப்போம் என்று இருக்கவே கூடாது. தாடையெலும்புக்குக் கீழே நாடி பிடித்தேன், சும்மா நிற்கும்போது நிமிசத்துக்கு 28 முதல் 44 வரை அடிக்க வேண்டியது 60-ஐத் தாண்டி அடித்தது.

மிருக வைத்தியர் இரவு பதினொரு மணிக்கு வந்தார். பேராதனையில் படித்த காலத்துக்குப் பிறகு குதிரையைத் தொடவில்லை என்று சொன்னார், ஆனாலும் பதறாமல் வேலை செய்தார். நெஞ்செலும்புக்குப் பின்னால் அடிவயிற்றில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு என் காதிலும் மாட்டினார். நம் கடற்கரையில் அலை வந்து மணலை இழுத்துக்கொண்டு போகுமே, அதே சத்தம். குடலுக்குள் மணல் உருளுகிற சத்தம் அது. நோவுக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் இறக்கி எண்ணெய் விட்டார். விடிய நாலு மணிக்குத்தான் லத்தி போட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, உன்னிடம் சொல்வதற்கென்ன.

அன்றிலிருந்து கிழமைக்கு ஒருதரம் ஒரு வேலை செய்கிறேன், நீயும் செய். நிலத்தில் படாத லத்தியாக மேலிருந்து ஐந்தாறு உருண்டை எடுத்து, வெளியே தெரிகிற போத்தலில் தண்ணீர் விட்டுக் கரைத்து, பத்துப் பதினைந்து நிமிசம் விட்டுப் பார். மணல் இருந்தால் அடியில் படியும். முதல் தரம் நான் பார்த்தபோது ஒரு விரல் தடிப்புக்குப் படிந்திருந்தது. பார்மசியில் இசப்கோல் உமி விற்கிறார்களே, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் கணக்கில் நாளுக்கு ஒருதரம், ஒரு கிழமைக்குத் தீனியோடு கொடுக்கச் சொன்னார் வைத்தியர். ஆனால் போத்தலில் மணல் இல்லை என்பதற்காகக் குடலிலும் இல்லை என்று நினைத்துவிடாதே, உள்ளே தேங்கிக் கிடந்தால் வெளியே வராமலும் இருக்கும். முக்கியம், மணலில் தீனி போடாதே. நான் பழைய ரப்பர் பாய் விரித்து அதன்மேல் போடுகிறேன், அவிழ்த்து விடுவதற்கு முன்னால் வயிறு நிறையப் புல் கொடுக்கிறேன்.

தீனி விசயத்தில் ஊரார் அன்பாகத்தான் கொண்டுவந்து தருவார்கள், அதில்தான் கவனம் வேண்டும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் வெட்டிப் போடுகிற சீமைக்கிளுவை குதிரைக்கு நஞ்சு. இபில் இபில் மரத்துக் குழை தொடர்ந்து தின்றால் பிடரிமயிரும் வாலும் கொட்டும். கோழித்தீன் மூட்டையை அது எட்டுகிற இடத்தில் வைக்கவே வைக்காதே, சில தீனில் கலக்கிற மருந்து குதிரையின் இதயத்தை அடித்துவிடும். அம்பாறைப் பக்கம் மில்லில் தவிடு மலிவாகக் கிடைக்கிறது என்று வாளி வாளியாக வைத்தாயானால், அதில் பொஸ்பரஸ் கூட, கல்சியம் குறைவு, குதிரை தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை எடுக்கத் தொடங்கி நாளாக நாளாக முக எலும்பு வீங்கிப்போகும். கையளவு தவிடு போதும், மீதி வயிறு புல்லுக்கு. அதன் இரைப்பை உடம்போடு பார்த்தால் சின்னது, 15 லீற்றர்கூடப் பிடிக்காது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தரம். தண்ணீர் சாதாரண நாளில் 30, 40 லீற்றர் குடிக்கும், கச்சான் காலத்தில் அதற்கும் மேலே, வாளி காயவே கூடாது. வியர்வையோடு உப்பும் போவதால் நக்குவதற்கு உப்புக்கட்டி ஒன்று கட்டித் தொங்கவிடு.

இப்போது ஐப்பசி, மழை தொடங்கிவிட்டது, இனிக் குளம்புதான் என் கவலை. காலையும் மாலையும் ஒவ்வொரு காலாகத் தூக்கி, குதியிலிருந்து நுனி நோக்கிக் குளம்புக் குத்தியால் சேற்றைக் கிளறி எடுக்கிறேன். அடியில் ரப்பர் போல ஒரு முக்கோணப் பகுதி இருக்கும், அதன் இரண்டு பக்கப் பள்ளத்திலும் கறுப்பாகக் கசிந்து அழுகிய நாற்றம் அடித்தால் ஊறிப்போய் அழுகல் பிடித்துவிட்டது என்று அர்த்தம். போன மாரியில் எனக்கு அந்த நாற்றம் வந்த பிறகுதான் புத்தி வந்தது, கொட்டில் தரையை ஒரு முழம் உயர்த்தினேன். 2011 தை வெள்ளத்தில் எங்கள் வளவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று உனக்கே தெரியும், அதைக் கணக்கு வைத்துத்தான் உயர்த்தினேன். ஆறு, எட்டுக் கிழமைக்கு ஒருதரம் குளம்பை வெட்டிச் சீராக்கவும் வேண்டும், அதற்கு இங்கே ஆள் இல்லை, மாட்டுக்கு லாடம் அடித்த ஒரு கிழவரைக் கூட்டிவந்து செய்விக்கிறேன். மழையில் நனைந்து நனைந்து முதுகில் பொருக்குத் தட்டி மயிரோடு உரிந்து வந்தால் காயவைத்துச் சுத்தம் செய், சேணம் போடாதே.

ஏற்புவலி (டெட்டனஸ்) ஊசியைத் தள்ளிப்போடாதே. மற்றப் பிராணிகளைவிடக் குதிரைக்கு அது கெதியாக வரும், குளம்பில் ஒரு துருப்பிடித்த ஆணி போதும். பூச்சி மருந்தைக் கண்டபடி கொடுக்காமல் லத்தியைச் சோதித்துவிட்டுக் கொடுக்கச் சொல்லு. மென்ற புல்லை உருண்டையாகக் கீழே துப்பினால் பல்லைப் பார்க்க வேண்டும்.

எப்போது கொண்டுவருவது என்று கேட்டிருந்தாய். தை கடைசியில் கொண்டுவா. மழை அடங்கியிருக்கும், வெயில் ஏறியிருக்காது, கச்சான் தொடங்குவதற்குள் உடம்பு பழகிவிடும். முதல் மூன்று கிழமை யாரையும் ஏற்றாதே, பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

அந்தக் கிழவரிடம் உனக்கும் ஒரு குளம்புக் குத்தி அடிக்கச் சொல்லியிருக்கிறேன், வரும்போது கொண்டு வருகிறேன். அப்புறம், பேத்திக்கு வெள்ளிக் கொலுசா, தங்கத்தில் ஏதாவதா என்று மனுசி கேட்கிறாள், உன் வீட்டில் கேட்டு உடனே எழுது.

இப்படிக்கு,
உன் பழைய மச்சான்,
கல்லடி