சுருதிப்பெட்டி இரைச்சல் அல்ல: ஆடியாலஜிஸ்ட்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம் பகுதிகளில் காது பரிசோதனை நிலையம் நடத்தும் ஆடியாலஜிஸ்ட்களுக்கும், அவர்களுக்குக் காது கேட்கும் கருவிகளை அனுப்பும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம். நான் நாதசுரம் வாசிப்பவன். இரண்டு காதிலும் மிஷின் போட்டிருக்கிறேன். தவில்காரர்கள், பம்பைக்காரர்கள், பகலில் தறி ஓட்டிவிட்டு இரவில் மேளத்துக்கு வருகிறவர்கள் என்று என்னைப் போன்றவர்கள் கொங்கு நாட்டில் நிறைய உண்டு. அவர்களில் பலர் மிஷினைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் கச்சேரிக்கு உட்காருகிறார்கள். இதை நீங்கள் கூச்சம் என்று நினைக்கிறீர்கள். கூச்சமும் உண்டுதான். ஆனால் முக்கியமான காரணம், அதை மாட்டிக்கொண்டால் சுருதி சேர்கிறதா இல்லையா என்பதே தெரிவதில்லை.

கருவிக்குள் இருக்கும் அமைப்புகளை நாங்களே மாற்றிக்கொள்ள வழி விடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உங்கள் கருவிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேரன் பேசுவது இப்போது தெளிவாகக் கேட்கிறது. இசைக்கு வந்தால்தான் சிக்கல். பேச்சு ஏறி இறங்கி, விட்டுவிட்டு வரும். மாறாமல் நீடிக்கும் ஒலி எதுவானாலும் அதை மின்விசிறி, மோட்டார் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அடக்குவதற்கு மிஷினுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். சுருதிப்பெட்டியின் வேலையே மாறாமல் நீடிப்பதுதான். ஆலாபனை தொடங்கிச் சற்று நேரத்தில் சுருதி கரைந்து காணாமல் போகிறது. அடுத்தது, கருவி தானே விசிலடிப்பதைத் தடுக்கும் ஏற்பாடு. நீளமாகப் பிடித்து நிற்கும் ஒரு ஸ்வரத்தை அது விசில் என்று நினைத்து, நேர்மாறான ஒலி கொடுத்து அழிக்கப் பார்க்கும். காந்தாரத்தில் நின்றால் அது நடுங்கும். நிறுத்திய பிறகும் ஒரு கீச்சொலி ஒட்டிக்கொண்டு வரும். பக்கத்தில் இருக்கிறவருக்கு இது எதுவும் கேட்காது. எனக்கு மட்டும்தான் கேட்கும்.

தவில் இன்னொரு கதை. பேச்சில் மெல்லிய ஒலியைத் தூக்கி, பலத்த ஒலியைத் தணிப்பதற்கு வைத்த கம்ப்ரெஷன், தவிலில் குச்சியால் அடிக்கும் பக்கமான தொப்பியில் ஓர் அடி விழுந்ததும் ஒட்டுமொத்த ஒலியையும் அழுத்திவிடுகிறது. அந்தக் கணத்தில் என் நாதசுரம் எனக்கே தூரத்தில் போய்த் திரும்பி வருகிறது. உச்ச அதிர்வெண்ணைக் கீழே இறக்கித் தரும் வசதியை யாராவது போட்டுவிட்டால் இன்னும் மோசம். 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்க வேண்டிய மேலொலிகள் வேறோர் இடத்தில் வந்து உட்காரும். பேச்சில் 'ஸ' போன்ற ஒலிகள் காதில் விழ அது உதவலாம். ராகத்துக்கு அது ஆகாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் மைக்கிலேயே ஒரு தடை இருக்கிறது. ஒலியை 16 பிட் எண்களாக மாற்றிக் கையாளும் கருவிகள் பல, உள்ளே வரும் ஒலியைச் சுமார் 96 டெசிபல் வரைதான் சேதமில்லாமல் வாங்கும். நாதசுரமும் தவிலும் வாசிப்பவரின் காதருகே அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். வாசலிலேயே நசுங்கிய ஒலியைப் பிறகு எந்த அமைப்பாலும் சரி செய்ய முடியாது. மைக் துளையின் மேல் செல்லோடேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டினால் ஏறக்குறைய 10 டெசிபல் குறையும் என்பது இந்தத் துறையில் தெரிந்த கைவைத்தியம். லட்ச ரூபாய்க் கருவிக்கு ஐந்து ரூபாய் டேப்!

இதையெல்லாம் நீங்களே மாற்றித் தருவீர்கள் என்று எனக்குத் தெரியும். கேட்டால் மறுத்ததும் இல்லை. ஆனால் உங்கள் அறையில் வைத்து மாற்ற முடியாது. அது அமைதியான சின்ன அறை. அங்கே நாதசுரத்தை எடுத்து ஊதினால் அடுத்த அறையில் பரிசோதனைக்கு உட்கார்ந்திருப்பவர் எழுந்து ஓடிவிடுவார். "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்பீர்கள். கேள்வி தெளிவாகக் கேட்கும். "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வருவோம். குறை தெரிவது கல்யாண மண்டபத்தில். அங்கே சீர் செய்யும் அருமைக்காரர் மெல்லச் சொல்வதும் காதில் விழ வேண்டும், உடனே கெட்டிமேளமும் காதைக் கிழிக்காமல் இருக்க வேண்டும். செல்போன் செயலியில் நீங்கள் தரும் கீழ், நடு, மேல் என்ற மூன்று இழுப்பான்களால் இதைத் தொடக்கூட முடியாது.

வெளிநாடுகளில் காது மங்கிய இசைக்கலைஞர்கள் சிலர் மிஷினைக் கணினியோடு இணைக்கும் நோவாலிங்க் போன்ற கருவியை வாங்கி, நிறுவனத்தின் மென்பொருளை எப்படியோ தேடிப் பிடித்து, வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டே தங்கள் மிஷினைத் தாங்களே அமைத்துக்கொள்கிறார்கள். நிபுணர்களுக்கு மட்டும் என்று நிறுவனங்கள் பூட்டி வைத்திருப்பதால்தான் இந்தத் தேடல். கோவையில் மோட்டார் பழுதானால் பிரித்துக் கம்பிச்சுருள் கட்டத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறக்கக் கூடாது என்றால் இந்த ஊருக்குப் புரியாது.

உங்கள் அச்சம் நியாயமானது. கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போய் மிச்சம் இருக்கும் செவியையும் கெடுத்துக்கொள்வார்கள் என்பீர்கள். உண்மைதான், எங்களில் அப்படிப்பட்டவர்கள் உண்டு. அதற்கும் வழி இருக்கிறது. அமெரிக்காவில் 2022 அக்டோபர் முதல், லேசான, நடுத்தரக் குறைபாடு உள்ள பெரியவர்கள் நிபுணர் இல்லாமலே கருவியை வாங்கிக்கொள்ளலாம். தாங்களே அமைத்துக்கொள்ளும் வகையும் அதில் அடக்கம். அங்கே அரசு பிடித்து வைத்தது கருவி வெளியிடும் ஒலியின் உச்ச வரம்பை: 111 டெசிபல், கம்ப்ரெஷன் இயங்கும்போது 117. நீங்களும் அந்த உச்சத்தை மட்டும் எங்கள் ஆடியோகிராமை, அதாவது காது பரிசோதனை வரைபடத்தைப் பார்த்துப் பூட்டிவிடுங்கள். திடீரென்று ஒரு காது அடைத்தால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். மற்றவை, அதாவது இரைச்சல் அடக்கம், விசில் தடுப்பு, முன்பக்கம் மட்டும் கேட்கும் மைக், கம்ப்ரெஷன் அளவு, எல்லாம் எங்கள் கைக்கு வரட்டும். இப்போது இருக்கும் அமைப்பின் நகல் ஒன்றும் வேண்டும். கெடுத்துக்கொண்டால் பழையபடி திரும்ப அது போதும்.

ஆடியில் கல்யாணம் இல்லை. அம்மன் கோயில்கள் கூப்பிடும் நாள்கள் போக எங்களுக்கு ஓய்வுதான். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் ஒரு நாள் ஒதுக்கி, மென்பொருளை எங்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். சுருதிப்பெட்டியும் நாதசுரமும் நான் கொண்டுவருகிறேன், தவில்காரரும் வருவார். அறையை மட்டும் கொஞ்சம் பெரியதாகப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு நாதசுரக் கலைஞர்,
ஈரோடு மாவட்டம்