கட்டடங்களைப் பார்க்க ஓடுபவருக்குக் கடிகாரம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

குறிப்பிடத்தக்க கட்டடங்களைப் பார்த்தபடியே நகருக்குள் ஓடும் பொழுதுபோக்கு ஓட்டங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையையும், அதற்கு மறுப்பாக வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தையும் படித்தேன். கட்டடத்தைப் பார்க்க விரும்புபவர் நின்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் நடந்தாவது பார்க்க வேண்டும், ஓடிக்கொண்டே பார்ப்பது ஒரு புத்தகத்தின் பக்கங்களை விசிறிவிட்டுப் படித்து முடித்ததாகச் சொல்லிக்கொள்வதைப் போன்றது என்பது அவருடைய வாதம். அதில் பாதி சரி. மீதிப் பாதியை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

சரியான பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இப்படிப்பட்ட ஓட்டம் ஒன்றில் நானும் பெயர் கொடுத்துக் கலந்துகொண்டேன். எட்டு கிலோமீட்டரில் பதினொரு கட்டடங்கள் என்று அறிவித்திருந்தார்கள். மார்பில் குத்திக்கொள்ள ஓர் எண்ணும், காலணியில் கட்டிக்கொள்ள நேரத்தைப் பதியும் சில்லும் கொடுத்தார்கள். முடிவுக் கோட்டில் பதக்கம் காத்திருந்தது. சில்லைக் கட்டிக்கொண்டவனுக்குக் கண் வேறெங்கே போகும்? முன்னால் ஓடுபவருடைய முதுகில்தான் போகும். வீடு திரும்பியபோது பதினொன்றில் இரண்டை மட்டுமே என்னால் நினைவுகூர முடிந்தது. அவற்றிலும் ஒன்று நினைவில் நின்றதற்குக் காரணம், அதன் எதிரே தண்ணீர் கொடுத்தார்கள் என்பதுதான். ஆனால் என்னுடைய குருட்டுத்தனத்துக்குப் பந்தயத்தைத்தான் பழிக்க வேண்டும், ஓட்டத்தை அல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டது அந்த அமைப்பாளர்கள் செய்த பிழை. மறுப்புக் கடிதம் எழுதிய நண்பரும் அதே குழப்பத்தில்தான் இருக்கிறார்.

போகும் வேகத்துக்கு ஏற்றபடியே நகரம் மனிதனுக்குத் தெரிகிறது என்பதை டென்மார்க் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் கேல் விளக்கியிருக்கிறார். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவருக்கான கட்டடக்கலை ஒன்று, 60 கிலோமீட்டர் வேகத்தில் காரில் செல்பவருக்கான கட்டடக்கலை வேறொன்று என்று அவர் பிரித்துக் காட்டினார். முன்னதற்குச் சிறு நுணுக்கங்களும் அடுத்தடுத்து வரும் கதவுகளும் வேண்டும். பின்னதற்குப் பெரிய வடிவங்களும் பெரிய எழுத்துகளும் போதும். பேச்சு தடைபடாத அளவுக்கு மெல்ல ஓடுபவர் மணிக்கு 8 அல்லது 9 கிலோமீட்டர் போவார். அதாவது, அவர் நடப்பவருக்கு மிக அருகிலும் காருக்கு வெகு தொலைவிலும் இருக்கிறார். நூறு மீட்டர் நீளமுள்ள முகப்பைக் கடக்க நடப்பவருக்கு 72 வினாடிகள் ஆகுமென்றால், 9 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபவருக்கு 40 வினாடிகள் ஆகும். அந்த நாற்பது வினாடிகளில் தூணின் தலைப்பில் உளி விட்டுச்சென்ற தடத்தைப் பார்க்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு தெரு எந்த இடத்தில் தன் குணத்தை மாற்றிக்கொள்கிறது, பக்கத்துக் கட்டடத்துக்கு இந்தக் கட்டடம் என்ன பதில் சொல்கிறது, கூரையின் விளிம்புகள் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்டுபிடிக்கின்றன என்பவற்றையெல்லாம் ஒரே இடத்தில் நிற்பவரைவிட ஓடுபவர் எளிதில் கண்டுகொள்கிறார். முந்தைய கட்டடத்தின் சாயல் கண்ணை விட்டு அகலும் முன்பே அடுத்தது அவருக்கு முன்னால் வந்துவிடுகிறது.

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் ரிங்ஸ்ட்ராஸை என்ற வட்டச் சாலையை விட இதற்கு நல்ல சான்று எனக்குத் தெரியாது. பழைய நகரைச் சூழ்ந்திருந்த மதில்களை இடித்துவிட்டு அந்த இடத்தில் அகன்ற சாலை அமைக்கும்படி 1857ஆம் ஆண்டு பேரரசர் பிரான்ஸ் யோசெப் ஆணையிட்டார். 1865இல் சாலை திறக்கப்பட்டது. சுமார் 5 கிலோமீட்டர் நீளம், மரங்களின் நிழல், பெரிய ஏற்றங்கள் இல்லாத தரை என்று மெல்லோட்டத்துக்காகவே அளந்து போட்டது போலிருக்கும். அதன் ஒரு பகுதியில், ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள், நாடாளுமன்றம் கிரேக்கப் பாணியிலும் நகர மன்றம் கோதிக் பாணியிலும் பல்கலைக்கழகம் இத்தாலிய மறுமலர்ச்சிப் பாணியிலும் நிற்கின்றன. மூன்றும் 1883, 1884 ஆகிய ஆண்டுகளில் முடிந்தவை. மக்கள் பிரதிநிதிகளின் அவைக்கு ஏதென்ஸ், நகர ஆட்சிக்கு இடைக்காலத்து வணிக நகரங்கள், கல்விக்கு மறுமலர்ச்சிக் கால இத்தாலி என்று ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வேண்டிய முன்னோரைத் தேடி எடுத்துக்கொண்டது. ஒவ்வொன்றின் முன்னும் அரை மணி நேரம் நின்றால் மூன்று தனித்தனிப் பாடங்கள் கிடைக்கும். ஏழெட்டு நிமிடங்களில் மூன்றையும் ஓடிக் கடந்தபோதுதான், ஒரே தலைமுறை மனிதர்கள் வெவ்வேறு வேடங்கள் புனைந்து வரிசையாக நிற்கிறார்கள் என்பது எனக்கு உறைத்தது.

அதே சாலையிலுள்ள ஆபெரா (இசை நாடக) மாளிகை 1869இல் திறக்கப்பட்டது. கட்டுமானம் தொடங்கிய பிறகு எதிரேயுள்ள சாலையின் மட்டம் சுமார் ஒரு மீட்டர் உயர்த்தப்பட்டுவிட்டதால், கட்டடம் தரைக்குள் அமிழ்ந்துவிட்டது என்று ஊரார் கேலி செய்தார்கள். அதை வடிவமைத்த வான் டெர் நுல், சிகார்ட்ஸ்பர்க் இருவருமே திறப்பு விழாவைக் காணாமல் 1868இல் இறந்துபோனார்கள். தரைமட்டத்தின் சிறு மாற்றங்களைக் கண்ணுக்கு முன்பே கணுக்கால் கண்டுகொள்ளும் என்பதை ஓடிப் பழகியவர்கள் அறிவார்கள். ஆகவே, ஒரு கட்டடம் தரையோடு எப்படிச் சேர்கிறது என்ற கேள்வியை அவர்களிடம் கேட்பது எளிது.

அங்கிருந்து சற்று விலகி, ஹோஃப்பர்க் அரண்மனையை ஊடறுத்துச் செல்லும் வழியில் ஓடினால், குவிமாடத்தின் கீழுள்ள வாயிலைக் கடந்து மிகாயெலர் சதுக்கத்துக்குள் வந்து சேர்வோம். கண்ணெதிரே கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லோஸ் 1909 முதல் 1911 வரை எழுப்பிய கட்டடம் நிற்கிறது: கீழே பளிங்குத் தூண்கள், மேலே அலங்காரம் எதுவுமற்ற வெறுஞ்சுவரில் வெட்டிய ஜன்னல்கள். புருவமில்லாத வீடு என்று அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். நகர நிர்வாகம் பணியை இடையில் நிறுத்தியது. ஜன்னல்களுக்குக் கீழே பூத்தொட்டிகள் வைக்க லோஸ் இணங்கிய பிறகே விவகாரம் ஓய்ந்தது. புகைப்படத்தில் பார்த்திருந்தபோது, இதற்கா இவ்வளவு அமளி என்றுதான் எனக்கும் தோன்றியிருந்தது. அரண்மனை வாயிலின் சிலைக் கூட்டமும் குவிமாடமும் கண்ணை விட்டு நீங்காமல் இருக்க, அடுத்த சில வினாடிகளில் அந்த வெறுஞ்சுவரின் முன் மூச்சிரைக்க வந்து நின்றபோதுதான், 1911இல் அங்கே வந்த ஒருவர் எதைக் கண்டு திடுக்கிட்டிருப்பார் என்பது விளங்கிற்று.

அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓட முடியாது, எனவே வானளாவிய கட்டடங்கள் ஓடுபவருக்குப் பயனற்றவை என்றும் நண்பர் எழுதியிருந்தார். உயரமான கட்டடத்தின் கதை பெரும்பாலும் அதன் அடியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. சிகாகோவின் மோனட்நாக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். அதன் வடபாதி 1891இல் முடிந்தது. பதினாறு மாடிகளின் பாரத்தையும் வெளிச்சுவரின் செங்கல்லே தாங்குவதால், தரைமட்டத்தில் சுவரின் கனம் ஏறக்குறைய 1.8 மீட்டர். இரண்டே ஆண்டுகளுக்குப் பிறகு, 1893இல், வேறு கட்டடக் கலைஞர்கள் எழுப்பிய தென்பாதியில் பாரத்தை எஃகுச் சட்டகம் ஏற்றுக்கொண்டது. சுவர் வெறும் போர்வையாகிவிட்டது. டியர்பான் தெருவின் நடைபாதையில் வடக்கிலிருந்து தெற்காக ஓடுபவர், கட்டடத்தின் முழு நீளத்தையும் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடுவார். தலையைத் தூக்க வேண்டியதே இல்லை. ஆழமான குழிக்குள் அமர்ந்திருக்கும் ஜன்னல்கள் சட்டென்று ஆழம் குறைந்து வெளிப்பக்கம் நகர்ந்து வருவதைப் பக்கவாட்டுப் பார்வையிலேயே உணரலாம். கட்டுமான வரலாற்றின் ஒரு பெரும் திருப்பத்தை ஒரே சுவரை ஒட்டி ஓடிக் கடக்கிற வாய்ப்பு வேறெங்கும் இவ்வளவு எளிதாகக் கிடைக்குமா என்பது ஐயமே.

பார்சிலோனாவில் நகரத் திட்ட வல்லுநர் இல்டெஃபோன்ஸ் செர்டா 1859இல் வகுத்த புதிய நகர்ப்பகுதியில், ஒவ்வொரு கட்டடத் தொகுதியும் சுமார் 113 மீட்டர் பக்கம் கொண்ட சதுரம். தெருக்கள் 20 மீட்டர் அகலம். முனைகள் நான்கும் சரிவாக வெட்டப்பட்டவை. நிமிடத்துக்கு ஒருமுறை முனை வருவதும், நேர்கோட்டில் ஓட விடாமல் அந்தச் சரிவு காலை வளைத்து இழுப்பதும், திட்டப்படத்தைப் பார்ப்பவருக்குக் கிடைக்காத பாடம். லண்டனில் ஃப்ளீட் தெருவிலிருந்து கிழக்கே ஓடினால் செயின்ட் பால் பேராலயத்தின் குவிமாடம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படும். 2014இல் முடிந்த 225 மீட்டர் உயர லெடன்ஹால் கட்டடம் ஒரு பக்கம் சரிந்து விலகி நிற்பது, அந்தத் தெருவிலிருந்து தெரியும் அக்காட்சியைக் கெடுக்காமல் இருப்பதற்காகவே. நகர்ந்துகொண்டே இருக்கும் கண்ணுக்காக ஒரு கோபுரமே தன் உருவத்தைச் சாய்த்துக்கொண்டிருக்கும்போது, நகர்ந்துகொண்டு பார்ப்பது கூடாது என்பது என்ன நியாயம்?

ஆனால் இத்தகைய ஓட்டத்தை அமைக்கும் விதத்தில் கறாராக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. முதலில், நேரப்பதிவு அறவே கூடாது. பந்தயம் எவ்வளவு பெரிய கட்டடத்தையும் மறைத்துவிடும் என்பதற்கு, நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 1978 முதல் நடக்கும் படியேற்ற ஓட்டமே சாட்சி: 86ஆம் மாடி வரை 1,576 படிகளை ஏறுகிறவர்கள் உலகின் புகழ்பெற்ற கட்டடம் ஒன்றின் உள்ளே இருந்துகொண்டு படிக்கட்டைத் தவிர வேறொன்றையும் காண்பதில்லை. கைக்கடிகாரத்தின் ஜிபிஎஸ்ஸும் இங்கே நம்பத்தக்க துணை அல்ல. உயரமான கண்ணாடிச் சுவர்களில் செயற்கைக்கோள் சமிக்ஞை பட்டுத் தெறித்து வருவதால், நேராக ஓடியவரைக் கோணல்மாணலாக ஓடியதாக அது காட்டும். ஓடாத தூரத்தையும் கணக்கில் சேர்க்கும்.

பாதையை வகுப்பவர் கிலோமீட்டரில் தொடங்காமல் கட்டடங்களில் தொடங்க வேண்டும். ஏழு கிலோமீட்டருக்கு ஐந்து நிறுத்தங்கள் என்பது என் அனுபவத்தில் சரியான அளவு. ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடங்களுக்கு மேல் நின்றால் உடல் குளிர்ந்து தசை இறுகிவிடும். விளக்கம் நிறுத்தத்தில் மட்டுமே சொல்லப்பட வேண்டும். ஓடிக்கொண்டே பேசும் வழிகாட்டியின் சொற்கள் பின்வரிசைக்குப் போய்ச் சேராமல் காற்றில்தான் கரையும். அதற்குப் பதிலாக, அடுத்த நிறுத்தம் வரை எதைக் கவனித்துக்கொண்டு ஓட வேண்டும் என்று ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்புவது நல்ல பழக்கம்: இந்தத் தெருவில் எத்தனையாவது மாடியில் பால்கனிகள் ஒரே வரிசைக்கு வருகின்றன என்பது போல. இருபது பேருக்கு மேல் ஒரு குழுவில் சேர்த்தால் நடைபாதை அடைபடும். சாலையைக் கடக்கும்போது குழு இரண்டாகத் துண்டாகும். ஆகவே, கடைசி ஆளுக்கும் பின்னால் ஓடுவதற்கென்று, வேகத்தைப் பொருட்படுத்தாத ஒருவர் கட்டாயம் வேண்டும். காதுக்கருவிகளைக் கழற்றி வைப்பதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

அதிகாலையை இந்த ஓட்டங்களுக்குத் தேர்ந்தெடுப்பதற்குப் போக்குவரத்துக் குறைவு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வெளிச்சம். சூரியன் தாழ்ந்திருக்கையில் சாய்வாக விழும் ஒளி, சுதை வேலைப்பாட்டின் மேடு பள்ளங்களையெல்லாம் நிழலால் கோடிட்டுக் காட்டும். நண்பகலில் அதே முகப்பு தட்டையாகிவிடும். அந்த ஒளி நேரே முகத்தில் படாமல் முகப்பை உரசிச் செல்லும் திசையில் பாதையை வைப்பது வகுப்பவரின் திறமை. அந்த நேரத்தில் மக்கள் உறங்கிக்கொண்டிருக்கும் குடியிருப்புச் சந்துகளில் கைதட்டலும் ஒலிபெருக்கியும் கூடாது என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தமே. பிறர் வீட்டு வாசல் நமக்குக் கட்டடக்கலை, அவர்களுக்கு அது வீடு.

நுணுக்கங்களைப் பார்க்க முடியாது என்ற குறைக்கு, திரும்பி வருவதே மருந்து. 1992இல் லண்டனில் தொடங்கி இன்று பல நகரங்களுக்குப் பரவியிருக்கும் ஓப்பன் ஹவுஸ் நிகழ்வில், வழக்கமாக மூடியிருக்கும் கட்டடங்களும் பொதுமக்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிடப்படுகின்றன. ஓடியபோது மனதில் தைத்த ஒன்றிரண்டைக் குறித்துவைத்துக்கொண்டு, இன்னொரு நாள் சாவகாசமாக நடந்துபோய் உள்ளே பார்க்கலாம். எதைப் போய்ப் பார்ப்பது என்று தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற வேலையை ஓட்டம் செய்கிறது. மறுப்புக் கடிதம் எழுதிய நண்பர் விரும்பும் நிதானம் அதற்குப் பிறகு தாராளமாகக் கிடைக்கும்.

கடைசியாகத் தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கட்டுரையோடு தாங்கள் வெளியிட்ட புகைப்படத்தில் நாற்பது ஓட்டக்காரர்களின் சிரித்த முகங்களும், காற்றடைத்த தொடக்க வளைவு ஒன்றும், அந்த வளைவுக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் கூரையில் கால் பங்கும் தெரிந்தன. எந்தக் கட்டடம் என்ற குறிப்பு படத்தின் கீழே இல்லை. இப்படிப்பட்ட ஓட்டத்தைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, கடந்து சென்ற கட்டடங்களின் பெயர்களையும் அவற்றைக் கட்டியவர்களையும் ஆண்டுகளையும் பாதையின் வரிசைப்படியே ஒரு சிறு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். புகைப்படக்காரரையும் சாலையின் எதிர்ப்பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்