இரண்டாம் முறை கதவைத் தட்டியவர்களுக்கு

அன்புத் தோழர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும்,

நிறுத்தப்பட்ட நம் பேருந்து வரும் திங்கள்கிழமை முதல் மீண்டும் ஓடுகிறது. இனி எந்த வழித்தடத்தையும் மக்களிடம் கருத்துக் கேட்காமல் நிறுத்தக்கூடாது என்று மன்றமும் தீர்மானம் போட்டுவிட்டது. 14 மாதம் இழுத்த வேலை. எனக்கு இந்த இரண்டாவதில்தான் மகிழ்ச்சி அதிகம். நாம் முகம் பார்த்திராதவர்களுக்கும் அது உதவும்.

மேடையேறியவர்களுக்கு வெற்றிக் கூட்டத்திலேயே நன்றி சொல்லியாயிற்று. கடைசி வாரம் வந்து முன்வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்ட பெரிய மனிதர்களுக்கும் சேர்த்தே சொன்னேன். அவர்கள் வந்ததும் நமக்கு உதவத்தான் செய்தது. இந்த மடல் மற்றவர்களுக்கு.

முதல் கூட்டத்துக்கு 50 நாற்காலி போட்டோம்; வந்தது 11 பேர். மக்களுக்கு அக்கறையே இல்லை என்று அலுத்துக்கொண்டேன். பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா, "இந்தப் பஸ்ஸில் போகிறவர்கள் எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார்கள் என்று யாரையாவது கேட்டீர்களா?" என்றார். கேட்கவில்லை. இரவுக் காவலர்களும் துப்புரவுப் பணியாளர்களும் வேலைக்குக் கிளம்பும் நேரமாகப் பார்த்துக் கூட்டம் வைத்திருந்தேன். அக்கா அன்றிரவே ஒரு நோட்டில் நான்கு கட்டம் போட்டார்: பெயர், எங்கே வேலை, எப்போது பார்க்கலாம், மறுபடி போக வேண்டுமா. இயக்கம் என்று இன்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதெல்லாம் அந்த நான்காவது கட்டத்தில் வளர்ந்ததுதான்.

முதல் முறை வீடு வீடாகப் போக ஆள் கிடைத்துவிடும். முகத்தில் அறைந்தாற்போல் கதவைச் சாத்திய வீட்டுக்கு மூன்று வாரம் கழித்து மறுபடி போய் நிற்பதற்குத்தான் கிடைக்காது. நோட்டைப் புரட்டினேன். ஒரு வீட்டுக்கு நேராக ஐந்து பேர் கையெழுத்தில் ஐந்து குறிப்புகள்: "வேண்டாம் என்றார்." "நாய்." "மகள் பேசினாள்." "படித்துப் பார்க்கிறாராம்." "நாளை நம்மோடு வருகிறார்." இந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் மேடையில் பேசிப் பழக்கமில்லை. உங்களுக்கு என் முதல் வணக்கம்.

பயணிகளே இல்லாததால்தான் நிறுத்தினோம் என்று அலுவலகம் சொன்னபோது, ஆறு வாரம் விடியற்காலையில் நிறுத்தத்தில் நின்று, பஸ் இல்லாமல் நடந்து போனவர்களை எண்ணிய இரண்டு மாணவிகளுக்கு நன்றி. மழையில் மை கரைகிறது என்று இரண்டாம் நாளே பென்சிலுக்கு மாறிவிட்டார்கள். அந்தக் கணக்கைக் கருத்துக்கேட்பில் உரக்க வாசித்தது நம் சொந்த யோசனை அல்ல. 1994இல் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற உழவர், தொழிலாளர் அமைப்பு நடத்திய பொது விசாரணைகளில், அரசு வேலைகளின் கூலிப் பட்டியல்களை ஊர் நடுவே வாசித்தார்கள். வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி எழுதியிருந்தது, கேட்டுக்கொண்டிருந்த ஊராருக்கு உடனே தெரிந்தது. அந்தப் போராட்டத்தில் வலுப்பெற்ற கோரிக்கைதான் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்தது. நம் மாணவி மூன்றாம் பக்கத்தில் இருந்தபோதே அதிகாரி "போதும்" என்றார். அவள் தலை நிமிரவே இல்லை. ஏழாம் பக்கம் வரை வாசித்தாள்.

"நம் பணம், நம் கணக்கு" என்ற அந்த ராஜஸ்தான் அமைப்பின் முழக்கத்தை நான் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நம் பொருளாளர் அம்மா அதை என் பக்கமே திருப்பினார். துண்டறிக்கை அச்சிட்ட ரசீதை நான் தொலைத்தபோது, அந்தத் தொகையை என் கையிலிருந்து வாங்கிய பிறகுதான் மாதக் கணக்கைச் சுவரில் ஒட்டினார். அன்று கோபம் வந்தது. வசூல் பணம் எங்கே போகிறது என்று பின்னாளில் வதந்தி கிளம்பியபோது சுவரைக் காட்டினோம், அத்தோடு அடங்கிவிட்டது. அம்மா, கோபப்பட்டதற்கு மன்னியுங்கள்.

சொந்த வண்டியில் அக்கம்பக்கத்தாரை ஏற்றிச் சென்றவர்களே, நீங்கள் ஒரு பெரிய வரிசையில் நிற்கிறீர்கள். அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் 1955 டிசம்பர் 5 முதல் 381 நாள் பேருந்தில் ஏறாமல் இருந்தார்கள். ஏறத்தாழ 300 கார்கள் முறைவைத்து ஓடியதால்தான் அது சாத்தியமானது. (அவர்கள் பஸ்ஸைப் புறக்கணித்தார்கள், நம்மையோ பஸ் புறக்கணித்தது.) பஸ்ஸில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸை எல்லோருக்கும் தெரியும். அவர் கைதான இரவே கல்லூரி இயந்திரத்தில் விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகளைப் படியெடுத்த ஜோ ஆன் ராபின்சனைச் சிலருக்குத்தான் தெரியும். உணவு சமைத்து விற்று அந்தப் போராட்டத்துக்கு நிதி சேர்த்த ஜார்ஜியா கில்மோரின் பெண்கள் குழுவுக்கு 'எங்கிருந்தும் வராதவர்கள் சங்கம்' என்ற பொருளில் பெயர். கொடுத்தவர்களின் வேலை போய்விடக் கூடாதே! பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் இல்லை. பெயர் வேண்டாம் என்று சொல்லி உறை கொடுத்த நம் நண்பர்களுக்கும் அதே பெயரில் நன்றி.

அடுத்து, தோற்றவர்களுக்கு. சாலையை மறிப்பதா, மனு கொடுப்பதா என்று நாம் வாக்கெடுத்த இரவு, மறிக்க வேண்டும் என்றவர்கள் 9 வாக்கில் தோற்றார்கள். சூடான பேச்சு நடந்தது. நானும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டேன். பல இயக்கங்கள் உடைவது இத்தகைய இரவுகளில்தான். மறுநாள் காலை ஆறு மணிக்கு அலுவலகக் கதவைத் திறந்து, தாங்கள் எதிர்த்து வாக்களித்த மனுவுக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்களேதான். அவர்கள் சொன்ன வழிதான் சரியோ என்று எனக்கு இன்றும் ஒரு சந்தேகம் உண்டு. இந்த ஒரு வெற்றியை வைத்து அதைத் தீர்த்துவிட முடியாது.

மனுவில் நாள் முத்திரை இல்லாவிட்டால் கிணற்றில் போட்ட கல் என்று விதி மீறாமல் சொல்லித்தந்த எழுத்தருக்கு நன்றி. பஸ் சத்தம் வேண்டாம் என்று எதிர்த்த பெரியவருக்கும் நன்றி. அவர் சொன்னபடி நிறுத்தத்தைத் தள்ளி வைத்ததில், முதியோருக்கு ஏற்றம் ஏறும் சிரமம் குறைந்தது.

முதல் பஸ் காலை 5.10க்கு. நோட்டு அக்காவிடம் இருக்கிறது. தீர்மானம் நடைமுறைக்கு வரும்வரை அதை மூடுவதாக இல்லை என்கிறார். இரவல் வாங்கிய நாற்காலிகளில் இரண்டு இன்னும் இங்கேயே கிடக்கின்றன. ஒன்றுக்குக் கால் ஆடும். உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளவும்.