எந்த ஊரின் சராசரி, எந்த ஆண்டுகளின் சராசரி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே மொரீசியஸில் தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் நாள்களில் மழை வருமா, வராதா என்பதே எங்கள் வீட்டில் முதல் பேச்சு என்பதால், தங்கள் இதழின் மழைச் செய்திகளை நான் தவறாமல் படிப்பவன். அவற்றில் அடிக்கடி வரும் "மழை சராசரியை விடக் குறைவு" என்னும் தொடரைப் பற்றி, கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில சொற்கள் எழுத விரும்புகிறேன்.

ஓர் ஊரில் ஐந்து ஆண்டுகளின் ஜனவரி மழை 120, 140, 160, 180, 900 மில்லிமீட்டர் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கூட்டினால் 1,500, ஐந்தால் வகுத்தால் சராசரி 300. ஆனால் நான்கு ஆண்டுகளில் மழை 200-ஐக்கூட எட்டவில்லை. ஒரே ஒரு புயல் ஆண்டுதான் சராசரியை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கியிருக்கிறது. ஆகவே அந்த ஊரில் "சராசரியை விடக் குறைவு" என்பது வறட்சியின் அடையாளம் அன்று. வழக்கமான ஆண்டே அப்படித்தான் இருக்கும். எண்களை ஏறுவரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் கிடைக்கும் இடைநிலை அளவு 160. ஊரார் கண்ட மழையோடு ஒத்துப்போவது இதுவே. மழையளவு சுழியத்துக்குக் கீழே இறங்க முடியாது, மேலேயோ எளிதில் எல்லை சொல்ல முடியாது என்பதால் இந்தச் சாய்வு அதன் இயல்பு. அண்டைத் தீவான ரீயூனியனில் ஃபோக்-ஃபோக் என்னுமிடத்தில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்துக்குள் 1,825 மில்லிமீட்டர் கொட்டியது. நம் மொரீசியஸ் தீவின் ஆண்டுச் சராசரியே சுமார் 2,000 மில்லிமீட்டர்தான்.

இதனால் கூட்டுச் சராசரி பயனற்றது என்று நான் சொல்லவில்லை. மாரே ஓ வாகோவாஸ் போன்ற நீர்த்தேக்கத்துக்குப் பல ஆண்டுகளில் மொத்தம் எவ்வளவு நீர் வரும் என்று கணிப்பவருக்கு அதுவே வேண்டும்; சராசரியை ஆண்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தம் கிடைக்கும், இடைநிலை அளவைப் பெருக்கினால் கிடைக்காது.

அந்த 2,000 என்பதும் எந்த ஊருக்கு உரியது? மேற்குக் கரையோரத்தில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டரும், நடு மேட்டுநிலத்தில் 4,000 வரையிலும் பெய்கிறது. இவ்விரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 2,450 வருமே, 2,000 எப்படி என்று மாணவர்கள் கேட்பதுண்டு. மிகுதியாக மழை பெறும் நிலப்பரப்பு சிறியது. பரப்பின் அளவுக்கேற்ற எடை கொடுத்துத்தான் தீவின் சராசரியைக் காண வேண்டும். புயலில் மழைமானி பழுதாகிப் பதிவே இல்லாமல் போன நாளைச் சுழியமாக எண்ணி வகுப்பதும் தவறு (படித்தவர்களே இதைச் செய்யக் கண்டிருக்கிறேன்).

உலக வானிலை அமைப்பு முப்பது ஆண்டுகளின் சராசரியையே இயல்பளவாகக் கொள்கிறது. இப்போது அது 1991 முதல் 2020 வரையிலான காலத்தைக் குறிக்கும். இனி வரும் மழைச் செய்திகளில் "சராசரி" என்னும் சொல்லோடு ஊரின் பெயரையும் ஆண்டுகளையும், இயன்றால் இடைநிலை அளவையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற ஆசிரியர்,
ரோஸ் ஹில்